ஒட்டடையை அடிங்க, சிலந்தியை விட்டுடுங்க!

தீபாவளிக்கு முந்தின 15 நாள் டில்லியில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "சஃபாயி ஹோ கயி?" வங்கிக்கு வர்றவங்க கூட டெபாசிட் வட்டியை அப்புறம்தான் கேட்கறாங்க. எங்க வீட்டுலயும் போன ஞாயிறு ஒட்டடைக் குச்சி என் கைக்கு வந்து சேர்ந்தது. (குடும்பத்துல உயரமான ஆள் நான்தான். வேற தகுதி வேணுமா என்ன?)

பாத்ரூம் மூலையில் நீளநீளமான கால்களோட சாம்பல் நிறத்துல ஒரு சிலந்தி. குச்சி பட்டதும் ஓடலை. தலைகீழாத் தொங்கிக்கிட்டே உடம்பைச் சுழட்ட ஆரம்பிச்சது. அந்த வேகத்துல உருவமே தெரியலை, புகை மாதிரி ஆயிடுச்சு. நின்னப்புறம் பார்த்தா வாயில ஒரு சின்ன உருண்டை. முட்டை! குச்சியைக் கீழே வச்சுட்டேன்.

"இதுக்கெல்லாமா பயம்?"னு தங்கமணி சிரிச்சாங்க. பயம் இல்லைங்க, மரியாதை.

இது ஃபோல்சிடேங்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம நாட்டு வீடுகள்ல சகஜமா இருக்கிறது அதுல கிராஸோப்ரைசா லயோனிங்கிற வகை. 1867லேயே பிளாக்வால்ங்கிற ஆங்கிலேயர் எழுதி வச்சிருக்கார். இதோட வலையில் பசை கிடையாது, வெறும் நூல் சிக்கல். பூச்சி வந்து மாட்டினா பின்னங்காலால் நூலை இழுத்துப் போட்டுக் கட்டிட்டுத்தான் கடிக்கும். முட்டைகளை நாலு இழையில் கட்டி, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் தாய் வாயிலேயே வச்சுக் காக்கும். மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது.

2015ல என் பையனுக்கு டெங்கு. ஒரு வாரம் பிளேட்லெட் கணக்கைத் தவிர வேற எந்தக் கணக்கும் என் கண்ணுக்குத் தெரியலை. 1996ல இதே டில்லியில் 10,000 பேருக்கு மேல டெங்கு வந்து 423 பேர் செத்துப்போனதை அக்கம்பக்கத்துல சொல்லிச் சொல்லி வயித்தைக் கலக்கினாங்க. பயத்துல வீடு முழுக்க மருந்து அடிச்சோம். கொசு ரெண்டே வாரத்துல திரும்பிடுச்சு. சிலந்தி வர மாசக்கணக்காச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இந்தச் சிலந்தி டெங்கு கொசுவைப் பிடிச்சுத் தின்னுதுன்னு தாய்லாந்து வீடுகள்ல பார்த்து 1997லயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. அந்தக் கொசு பதுங்கறதும் வீட்டோட இருட்டு மூலையில்தான், இது வலை கட்டறதும் அங்கேதான். சம்பளம் வாங்காத வாட்ச்மேனை நாமே வேலையை விட்டு அனுப்பியிருக்கோம்!

சிலந்தி இருந்தா டெங்கு வராதுன்னு நான் சொல்லலை. கூலர் தண்ணியை வாரம் ஒருதடவை கொட்டிக் காய வைக்கிறதுதான் முதல் வேலை. நான் சொல்றது இவ்வளவுதான்: தூசி படிஞ்சு கறுத்துத் தொங்கறது பெரும்பாலும் சிலந்தி விட்டுட்டுப் போன பழைய வலை. அதைத் தாராளமா அடிங்க. ஆள் குடியிருக்கிற வலையை விட்டுடுங்க.

ஊருக்குப் போன் பண்ணினப்ப அம்மா, "ஒட்டடை இருக்கிற வீட்டுல லட்சுமி தங்கமாட்டாடா"ன்னாங்க. "திருவானைக்காவுல சாமி மேல சருகு விழாம வலை கட்டினது சிலந்திதானேம்மா? அழுக்குன்னு அதைப் பிச்சுப் போட்டது யானைதானே?"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி சரி, பூஜை ரூமை மட்டுமாவது அடிச்சுடு."

அடிச்சுட்டேன்.