47 கதவு... ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை!

வைவாவுல வாங்கிக் கட்டிக்கிட்டவங்க எல்லாம் இப்படி ஓரமா வந்து உட்காருங்க. டிகிரி முடிக்காத ஒருத்தர் டிசைன் பண்ணின கோட்டையைச் சுத்திப் பார்ப்போம்.

அவர் பேர் வில்லியம் ஜில்லெட். பிளேடு கம்பெனிக்காரர் இல்லை பாஸ், நாடக நடிகர்! மேடையில ஷெர்லாக் ஹோம்ஸா ஆயிரம் தடவைக்கு மேல நடிச்சு டாலரைக் குவிச்சவர். அமெரிக்காவுல கனெக்டிகட் நதிக்கரைக் குன்று ஒண்ணு பிடிச்சுப்போக, 1914-ல வேலையை ஆரம்பிச்சார். 1919-ல 24 அறைகளோட வீடு ரெடி. பிளான் மொத்தமும் அவரோடதே!

வெளியே பார்த்தா, ராஜா காலத்துல கட்டி பாதி இடிஞ்சுபோன கோட்டை மாதிரி இருக்கும். கரடுமுரடான உள்ளூர்க் கல்லு. ஆனா, அது சும்மா கெட்டப்! சுவருக்குள்ள நிக்கிறது எஃகுச் சட்டம். சிவில் மக்கள் நோட் பண்ணிக்கோங்க.

மேட்டரே உள்ளேதான். மொத்தம் 47 கதவுகள். மரத்திலேயே செதுக்கின தாழ்ப்பாள்கள், ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. லைட் சுவிட்ச்கூட மரத்துலதான். சாப்பாட்டு மேஜை தண்டவாளத்துல நகரும். சுவரோரம் உட்கார்ந்துட்டு, மேஜையைப் பக்கத்துல இழுத்துக்க வேண்டியதுதான். படுக்கையறைப் பக்கம் நின்னா, கண்ணாடிகள் வழியா கீழே ஹால் தெரியும். வந்தது யாருன்னு பார்த்துட்டு, சரியான நேரத்துல மனுஷர் என்ட்ரி கொடுப்பாராம். சிசிடிவி இல்லாத காலத்துலேயே!

இவ்வளவு ரசிச்சுக் கட்டினவருக்கு ஒரு கவலை. மனைவி 1888-லேயே இறந்துட்டாங்க. குழந்தைகளும் இல்லை. 'எனக்கப்புறம் இந்த வீட்டோட அருமை தெரியாத ஒரு மண்டூகம் கையில இது போயிடக் கூடாது'ங்கிற அர்த்தத்துல உயில்லயே எழுதிட்டார். 1937-ல 83 வயசுல கண்ணை மூடினார். 1943-ல கனெக்டிகட் மாநில அரசு வீட்டை வாங்குச்சு. இப்போ அது பூங்கா. யார் வேணாலும் போய் அந்தத் தாழ்ப்பாள்களைப் பார்க்கலாம்.

கோட்டை வேஷத்தை யார் வேணாலும் போடலாம் மக்களே. கல்லும் காசும் இருந்தாப் போதும். ஆனா, 'இங்கே உட்கார்றவனுக்கு மேஜை எட்டுமா?'ன்னு யோசிச்சார் பாருங்க, அங்கேதான் மனுஷர் இன்ஜினீயர் ஆயிட்டார். நாம மினி புராஜெக்ட் பண்றப்போ, 'எக்ஸ்டெர்னல் என்ன கேட்பார்?'னுதானே முதல்ல யோசிக்கிறோம்? அதைப் பயன்படுத்தப் போறவரோட கை எங்கே போகும்னு ஒரு தடவையாவது யோசிச்சிருக்கோமா?

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி யோசிப்போம்!