பழி மனித இயல்பின் மீதா?

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேச்செழும் மேடைகளிலெல்லாம் ஒரு சோதனை தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியலார் 1961-ஆம் ஆண்டு தொடங்கிய சோதனை அது. அடுத்த அறையிலிருப்பவர் தவறான விடை கூறுந்தோறும் அவருக்கு மின்அதிர்ச்சி தருமாறு சாதாரணக் குடிமக்கள் பணிக்கப்பட்டனர். 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள். அதிர்ச்சி மெய்யன்று, அதைப் பெற்றவர் நடித்தார். ஆயினும் 40 பேரில் 26 பேர் இறுதி விசைவரை சென்றனர். உடனே, மனிதன் இயல்பிலேயே கொடியவன் என்று முடித்துப் பேச்சாளர் அமர்ந்துவிடுகிறார்.

இம்முடிவை நாம் மறுக்கிறோம். மில்கிராம் ஒரு சோதனையோடு நின்றவரல்லர். சூழலை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவர். துன்புறுபவரை அதே அறையில் அமர்த்தியபோது இறுதிவரை சென்றோர் 40 விழுக்காட்டினர். அவர் கையைப் பிடித்து மின்தகட்டின்மேல் அழுத்தவேண்டும் என்றபோது 30 விழுக்காட்டினர். ஆணையிடுபவர் வெளியேறித் தொலைபேசியில் பேசியபோதோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. அப்போது சிலர், அளவைக் கூட்டுவதாகச் சொல்லிக்கொண்டே மிகக் குறைந்த அதிர்ச்சியையே கொடுத்தனர். பொய்தான்; அந்தப் பொய்யைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஆணையிடுவோர் இருவராகித் தமக்குள் முரண்பட்டபோது 20 பேரில் ஒருவர்கூட இறுதிவரை செல்லவில்லை.

உடனமர்ந்த இருவர் மறுத்தெழுந்தபோது, 40 பேரில் 4 பேரே கடைசிவரை பணிந்தனர். மாறாக, விசையை அழுத்தும் வேலை வேறொருவருக்கும் துணைவேலை மட்டும் தமக்கும் என்றானபோது 37 பேர் முடிவுவரை உடனிருந்தனர். நம்மை மிகவும் உறுத்துவது இந்த 37 பேரே. அவர்கள் எவரையும் தொடவில்லை. கேள்வியைப் படித்தார்கள், அவ்வளவே. கோப்பை நகர்த்துவோரும் பட்டியல் எழுதுவோரும் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் இதுதானே?

அதிர்ச்சி மெய்யென்று பலர் நம்பியிருக்கமாட்டார்கள் என்று பின்னாளில் எழுந்த ஐயம் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் அறையின் அமைப்பு மாறியபோது எண்களும் மாறியதை அந்த ஐயம் மட்டும் விளக்கிவிடாது. இயல்பு மாறவில்லை, தொலைவு மாறியது, துணை மாறியது. அவற்றை அமைத்தவர் ஒருவர் உண்டு. பழியை மனித இயல்பின்மேல் ஏற்றுவோர் அவரை வாசல்வரை வழியனுப்பி வைக்கின்றனர். எருசலேமில் ஐக்மான் மீதான வழக்கு நடந்ததும் அதே 1961-இல்தான். எல்லாரும் இப்படித்தான் என்பது அவனுக்கும் உகந்த வாதமே.

இனி மேடையேறுவோர் 26 என்னும் எண்ணோடு 4 என்னும் எண்ணையும், 37 என்னும் எண்ணையும் சேர்த்தே சொல்லுமாறு வேண்டுகிறோம்.