கீழடி யாருது?



எங்கள் வகுப்பில் மூணு நாளாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது. நடுவர் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. தலைப்பு: கீழடி யாருது?

சிம்மக்கல் பசங்க நாங்க சும்மா இருப்போமா? "மதுரையோடதுதான்! 12 கிலோமீட்டர்தானே, டவுன் பஸ்ஸே போகுது" என்றோம். திருப்புவனத்திலிருந்து வரும் நண்பன் விடவில்லை. "மாப்ள, அது சிவகங்கை மாவட்டம். மேப்ப எடுத்துப் பாரு" என்றான். சரிதான். ஆனா சிவகங்கை மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். அதுக்கு முன்னாடி இராமநாதபுரம். 1910-க்கு முன்னாடி மதுரை! இந்தக் கணக்குப்படி இராமநாதபுரத்துக்காரரும் வரிசையில் வந்து நிற்கலாம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பானையிடம் போய் நீ எந்த மாவட்டம்னு கேட்டா அது என்ன பண்ணும், பாவம்.

அப்பத்தான் ஸ்ரீவைகுண்டத்து நண்பன் டிபன் பாக்ஸை மூடிட்டு எழுந்தான். "ஏலே, உங்க ஊர்ல 2015-லதான் தோண்டுனாங்க. எங்க ஆதிச்சநல்லூர்ல 1876-லயே தோண்டி, பெர்லினுக்கே கொண்டு போயிட்டாங்க. சிவகளை இரும்பு கி.மு. 3345-னு 2025-ல அறிக்கையே வந்தாச்சு!" நாங்க கப்சிப். மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172 என்று 2022-இல் துள்ளிய கிருஷ்ணகிரிக்காரர்களின் ஆட்டமும் மூணே வருஷத்தில் குளோஸ்.

இந்த வயசுப் போட்டியே தப்பு என்பது என் கருத்து. ஆதிச்சநல்லூர் பேர் வாங்கியது தாழிகளால். செத்தவங்களை எப்படி வழியனுப்பினாங்கன்னு அது சொல்லுது. கீழடி ஜனங்க குடியிருந்த இடம். உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, தாயக்கட்டை, பாண்டி ஆடுற சில்லு எல்லாம் அங்கே கிடைச்சிருக்கு. பானை ஓட்டில் 'ஆதன்' என்று பேர்கூட இருக்கு. நம்ம வீட்டு எவர்சில்வர் தூக்கில் அம்மாச்சி பேரு வெட்டியிருக்கும்ல, அது மாதிரி! இதில் எது பெருசுன்னு எப்படிச் சொல்றது?

மூணாம் நாள் திருப்புவனத்து நண்பன் மெதுவா ஒண்ணு சொன்னான். "எங்க அத்தை அந்தக் குழியிலதான்டா வேலை பார்த்துச்சு. வெயில்ல உட்கார்ந்து பிரஷ்ஷால மண்ணைத் தட்டித் தட்டி எடுக்கும். ஒரு ஓட்டுல கீறல் தெரிஞ்சா அன்னைக்கு வீட்டுல அதே பேச்சுதான்."

யாரும் பேசவில்லை. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கீங்கன்னு எங்க சார் கேட்டார். தொண்டை கிழியக் கத்தின எங்க பெஞ்சில் ஒரு கைகூட உயரலை. என் கையும்தான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை போறோம். ஸ்ரீவைகுண்டத்தானும் வர்றான். அத்தை வந்து காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க. பஸ் டிக்கெட் காசு முழுக்க மதுரைக்காரங்கதான் போடணுமாம்!

– வைகைக்கரையான், 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு