பொருந்துவதெல்லாம் ஏற்கப்படுவதில்லை

திருகோணமலை உட்துறைமுக வீதியில், எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு கடற்றொழிலாளர் குடும்பம் வசிக்கிறது. மூத்த மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட, 2010ஆம் ஆண்டளவில் தயாரான மேசைக் கணினி உறவினர் வழியாக அவளுக்குக் கிடைத்தது. அதில் இருந்த நினைவகம் 2 ஜிபி மட்டுமே. தந்தையின் இரண்டு நாள் உழைப்பைக் கொடுத்து 4 ஜிபி நினைவகத் தகடு ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். திரை இருண்டது, கணினி விட்டுவிட்டுக் கூவியது.

"மாமா, கணினி பழுதாப் போச்சோ?" என்று கண்கலங்கி வந்து நின்றாள்.

முப்பது ஆண்டுகளாகச் செய்தியைச் சரிபார்த்துப் பழகியவன் நான். இங்கும் அதையே செய்தோம். பழைய தகட்டை மட்டும் பொருத்தினோம், கணினி இயங்கியது. புதியதை மட்டும் பொருத்தினோம்; கூவியது. உப்புக்காற்றில் தொடுமுனைகள் களிம்பேறியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அழிறப்பரால் மெல்லத் துடைத்துப் பார்த்தோம்; பயனில்லை. கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த சற்றே புதிய கணினியில் அதே தகடு குறையின்றி வேலை செய்தது. "பாத்தீங்களே ஐயா, சாமான் நல்ல சாமான். வித்தா திருப்பி எடுக்கிறதில்லை" என்றார் கடைக்காரர்.

கணினியும் நல்லது, தகடும் நல்லது. அப்படியானால் பிழை எங்கே?

இரண்டும் டிடிஆர் 3 வகைதான். 240 முனைகள், ஒரே இடத்தில் வெட்டு. ஆனால் அந்தக் கணினியின் முதல் தலைமுறை ஐ5 செயலி, ஒவ்வொன்றும் 2 கிகாபிட் வரை கொள்ளும் சிப்புகளையே அறியும். 4 ஜிபியை அத்தகைய பதினாறு சிப்புகளால் ஆக்கினால் அது ஏற்கும். பின்னாளில் வந்த 4 கிகாபிட் சிப்புகள் எட்டினால் ஆக்கினால் ஏற்காது. நினைவகத்தை ஆளும் பகுதி செயலியோடு சேர்ந்தே இருப்பதால், பயோஸைப் புதுப்பித்தாலும் இந்த எல்லை மாறாது.

இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒட்டுச்சீட்டில் '2ஆர்எக்ஸ்8' என்றிருந்தால் பதினாறு சிப்புகள்; '1ஆர்எக்ஸ்8' என்றிருந்தால் எட்டு. ஆனால் அந்தக் குறியை வாசிக்க எங்கள் கடைத்தெருவில் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாமையின் விலையை எப்போதும் வாங்குபவர் மட்டுமே செலுத்துவது நீதியன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருள்களின் விவரச்சீட்டு தொடர்பாக வணிகர்களுக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அச்சபைக்குத் தந்திருக்கிறது. எந்தத் தலைமுறைக் கணினிக்கு உகந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதவைப்பது பெரிய காரியமல்ல. பணம் வாங்குமுன் வாடிக்கையாளரின் கணினியிலேயே பொருத்திக் காட்டுவதற்கோ சட்டமும் வேண்டாம், மனம் போதும்.

பழையதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமே என்பீர்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியதைக் கண்ட குடும்பங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. பழையது என்பதால் ஒன்று பயனற்றதாகிவிடாது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2022 சனவரியிலும் இரு நாடுகள் ஒப்பந்தம் செய்தன அல்லவா?

வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளை அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியின் மாதிரி இலக்கத்தையும், அது ஏற்கும் நினைவக வகை, உச்ச அளவு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டி அனுப்புங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. இங்கே ஒரு தகப்பனின் இரண்டு நாள் கடல்.

பழைய உதிரிப்பாகங்களுக்கிடையே பதினாறு சிப்புகள் கொண்ட தகடு ஒன்று பிறகு அகப்பட்டது. அந்தக் கணினி இப்போது கூவுவதில்லை. வீணாய்ப்போன முதல் தகடு மட்டும் என் மேசையில் கிடக்கிறது.