சேறு எங்கே தெறிக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: "ஐயா, மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் சம்பா. மகன் ஹிமாலயன் பைக் வாங்கியிருக்கிறான். வயலுக்குச் சோறு, விதை, மருந்து எல்லாம் அதில்தான் போகிறது. பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால் என் முதுகெல்லாம் சேறு. ஆன்லைனில் ஹக்கர் என்று ஒரு பின்மட்கார்டு வாங்கி வைத்திருக்கிறான். அதை மாட்ட சாரி கார்டு இடிக்கிறதாம், கழற்றிவிடலாம் என்கிறான். கழற்றலாமா? நான் கேட்டதாகப் பெயர் போட வேண்டாம்."

பதில்: அம்மா, பைக் கேள்விக்கு வேளாண்மை அலுவலர் பதில் சொல்லலாமா என்று ஆசிரியருக்கே சந்தேகம். முப்பது வருடமாக வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பைக் ஓட்டியே உத்தியோகம் பார்த்தவன் நான். மண் என் பாடம். இரண்டும் சேரும் இடம்தான் மட்கார்டு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: சாரி கார்டைக் கழற்றக் கூடாது. ஹக்கர் இடித்தால் ஹக்கரை வெட்டட்டும், அல்லது திருப்பி அனுப்பட்டும். பின்சீட் உள்ள மோட்டார் சைக்கிளில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கவே அந்தத் தடுப்பு என்று காரணத்தையும் விதியே சொல்லிவிடுகிறது. தம்பி பார்க்கும் வீடியோக்களில் வரும் பைக்குகளில் அது இல்லாமல் இருக்கலாம். அந்தப் பைக்குகளில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியோடு, சேலைத் தலைப்பு காற்றில் பறக்க யாரும் போவதில்லை.

இனி தம்பிக்கு. தம்பி, ஹக்கர் வாங்குவதற்கு முன்னால் அம்மாவின் முதுகில் இருக்கும் சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வண்டி முன்னே போகும்போது பின்சக்கரத்தின் அடிப்பக்கம் தரையைப் பிடிக்கிறது, பின்பக்கம் மேலே ஏறுகிறது, உச்சி முன்னால் ஓடுகிறது. டயரில் ஒட்டிய மண் எந்த இடத்தில் விடுபடுகிறதோ, அந்த இடத்தில் டயர் போகும் திசையிலேயே பறக்கும். உச்சியில் விடுபடுவது முன்னால் பாய்ந்து ஷாக் அப்சார்பரையும் சீட்டின் அடியையும் தாக்கும். பின்பக்கத்தில் விடுபடுவது நேராக மேலே கிளம்பும். அதற்கும் கீழே விடுபடுவது மேலும் பின்னுமாகப் போகும். அதில் பொடித் துளிகளை, வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று திரும்ப இழுத்து, கடைசியாக உட்கார்ந்திருப்பவர் முதுகில் அப்பிவிடும்.

ஹக்கர் என்பது ஸ்விங் ஆர்மில் மாட்டி, சக்கரத்தின் மேல்பாதியில் முன்பக்கத்தை மூடுவது. ஷாக் அப்சார்பரைச் சேற்றிலிருந்து காப்பாற்ற அது நல்ல பொருள். முதுகுக்கு அது அதிகம் உதவாது. முதுகுச் சேற்றுக்கு வழி வாலில், அதாவது நம்பர் பிளேட் இருக்கும் பின்மட்கார்டின் நுனியில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது ஒரு நோய்க்கான மருந்து, வந்திருப்பது வேறு நோய். எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம்.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வாருங்கள். அம்மாவை வழக்கம்போல உட்காரவைத்து, வழக்கமான சுமையையும் கட்டி, வண்டியைச் சமதரையில் நேராகப் பிடிக்க ஓர் ஆளை வையுங்கள். பின்மட்கார்டின் நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் டயரின் கடைசி விளிம்பைத் தாண்டிப் பின்னால் விழ வேண்டும். டயருக்கு முன்னால் விழுந்தாலோ, ஒட்டி விழுந்தாலோ, மேலே கிளம்பும் சேற்றைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். எவ்வளவு குறைகிறதோ, அதோடு ஒரு சாண் சேர்த்து நீட்டினால் போதும்.

நீட்டுவதற்குக் கடையில் பிளாஸ்டிக்கில் தனியாகவே விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட மெல்லிய பெல்ட் ரப்பர் ஒரு துண்டு போதும். இரும்புத் தகடு வேண்டாம். தகடு ஆடி ஆடி ஒருநாள் முறியும், முறிந்த முனை டயரைக் கிழிக்கும். போல்ட்டின் உருண்டைத் தலை டயர் பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் வரட்டும். மாற்றிப் போட்டால், பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது போல்ட்டின் நீட்டிய நுனி டயரைத் தொடும். ரப்பர் மிக மெல்லியதாக இருந்தால் அது மடிந்து டயருக்குள் இழுபடும், ஆகவே கையால் வளைத்தால் தானாக நிமிர்கிற கனம் வேண்டும். நம்பர் பிளேட், அதன் விளக்கு, சிவப்பு ரிப்ளெக்டர் மூன்றையும் ரப்பர் மறைக்கக் கூடாது.

ஹக்கர் வாங்கியாகிவிட்டது, அதையும் மாட்டத்தான் போகிறாய், தெரியும். ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டில் களிமண் காய்ந்து ஒட்டினால் ஆயில் சீலைத் தேய்த்துவிடும். அதனால் மாட்டுவதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஊர் மண்ணைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு மாட்ட வேண்டும்.

காவிரிக் கடைமடையின் களிமண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற வகைக் களி அதிகம். அதன் தாள் போன்ற அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து உப்பும். முழுக்கக் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஒட்டாது. முழுக்கத் தண்ணீரில் கரைந்தால் கூழாகி வழிந்துவிடும், அதுவும் அதிகம் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. மழை விட்டு ஒன்றிரண்டு நாளில், கலப்பையில் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும் அந்தப் பதம்தான் வண்டிக்கு எமன். அடைமழையில் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தானே போகிறது" என்று நம்புகிறவர்கள் வெயில் அடித்த மறுநாள் மாட்டிக்கொள்வார்கள்.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. என் அப்பா சைக்கிளில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் இறுகி, சக்கரம் சுற்றாமல், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். ஹேண்டில்பாரில் எப்போதும் ஒரு வேலிக்குச்சி செருகியிருக்கும், நோண்டி எடுக்க. மழைக்காலம் வந்தால் ஊரில் பாதிப்பேர் மட்கார்டையே கழற்றிவிடுவார்கள்.

அதைப் பார்த்து வளர்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், சட்டை அழுக்காகிறதே என்று ஒரு பட்டறையில் சொல்லி, என் பைக்கின் பின்டயரை ஒட்டினாற்போல ஒரு தகட்டு மட்கார்டு அடித்துக்கொண்டேன். டயருக்கும் தகட்டுக்கும் விரல் அகலம்கூட இடைவெளி இல்லை. பார்க்க அழகு. விளாத்திகுளம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், மண் மாதிரிப் பைகளோடு வரும்போது பின்சக்கரம் பிரேக் போட்டதுபோல நின்றது. வேகம் பதினைந்துகூட இருக்காது. வண்டி கரைக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சிதறிய பைகளில் எது எந்த விவசாயியின் மண் என்று தெரியாமல், கட்டுப்போட்ட கையோடு மறுபடி போய் எடுத்துவந்தேன். அன்று என் பின்சீட்டில் யாரும் இல்லை.

சாகசப் பைக் என்று இவற்றைச் சொல்கிறார்களே, அவற்றின் மட்கார்டு ஏன் சக்கரத்தைவிட்டு எட்ட நிற்கிறது என்று யோசித்திருக்கிறாயா? 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயனில் பின்சக்கரம் மேலும் கீழும் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்துக்கு இடம் வேண்டும், அதற்கு மேல் ஒட்டிய மண் உதிரவும் இடம் வேண்டும். முதுகு நனைவது அந்த இடைவெளிக்கு நாம் கொடுக்கும் விலை. ஹக்கர் மாட்டும்போது அந்த இடைவெளியை நாமே அடைக்கிறோம்.

ஹக்கர் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் இடைவெளி மாறாது, அது வசதிதான். தார்ச்சாலைக்கென்று செய்தவை டயரை ஒட்டி இருக்கும், அவை உங்கள் ஊருக்கு ஆகாது. என் கணக்கு, டயரின் கட்டை மேட்டிலிருந்து ஹக்கரின் உட்பக்கம் வரை எங்கே அளந்தாலும் மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சம்பா அறுவடை முடியும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும். பின்னால் பெரிய கட்டை வைத்த டயர் மாற்றினால் மறுபடி விரலை விட்டுப் பார்.

செயினைக் கவனி. செயின் தளரத் தளரச் சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்குவோம். புதுச் செயின் போட்டால் சக்கரம் மறுபடி முன்னால் வரும். பழைய செயினில் மூன்று விரல் நுழைந்த ஹக்கர், புதுச் செயினில் முன்பக்கம் ஒரு விரலுக்கும் வழிவிடாமல் நிற்கலாம். மெக்கானிக் இதைப் பார்ப்பதில்லை.

ஸ்விங் ஆர்மில் துளை போடாதே. இருக்கிற துளைகளிலேயே, செயின் கவர் போல்ட்டுகளோடு சேர்த்து மாட்டும்படி உள்ளதை மட்டும் வாங்க வேண்டும். பட்டை ஒன்று கூடுவதால் பழைய போல்ட் நீளம் பற்றாது. அதே மரையில் கொஞ்சம் நீளமான போல்ட், அகல வாஷர், தானாகக் கழலாத நைலான் வளைய நட்டு வாங்கு. பின்பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் அதே ஸ்விங் ஆர்ம் வழியாகத்தான் போகின்றன. அவை ஹக்கருக்கு அடியில் நசுங்கவோ, விளிம்பில் உராயவோ கூடாது. ஹோஸை இழுத்துக் கட்டிவிட்டால், சக்கரம் இறங்கும்போது அது வெடுக்கென்று இழுபடும். மாட்டி முடித்ததும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்று. பிறகு இரண்டு பேரை ஏற்றி அழுத்திப் பார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கு.

இனி என் துறைக்கு வருகிறேன். ஹக்கரின் உட்பக்கம் கழுவாமல் விட்டால் அது ஒரு நாற்றங்கால். பார்த்தீனிய விதை, வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டை எல்லாம் அந்த மண்ணில் ஊர்விட்டு ஊர் போகும். வாழை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வாழையின் பியூசேரியம் வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், காலில், மண்வெட்டியில், டயரில் ஒட்டிய மண்ணோடு பரவும். வந்த தோட்டத்தில் மருந்தடித்து ஒழிக்க முடியாது. வாடல் கண்ட தோட்டத்துக்குப் போய் வந்தால், அடுத்த தோட்டத்துக்குள் நுழையும் முன்பே, அந்த இடத்திலேயே மண்ணைக் குச்சியால் சுரண்டி, டயரையும் ஹக்கரின் உட்பக்கத்தையும் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கக் கூடாது. முடிந்தவரை அந்தத் தோட்டத்துக்குள் வண்டியைக் கொண்டுபோகாமல் சாலையில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. இதை விவசாயிகளுக்குச் சொல்லும் நாங்களே ஒரு நாளில் நாலு தோட்டம் ஏறி இறங்குகிறவர்கள் என்பதால், என் வண்டிப் பெட்டியில் ஒரு சுரண்டும் தகடும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கும்.

அம்மா, வாலில் ரப்பர் நீட்டும்வரை ஒரு பழைய உரச்சாக்கை விரித்து முதுகில் போட்டுக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். போடுங்கள், ஆனால் அதன் இரண்டு நுனியையும் முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சேலைத் தலைப்பையும் அப்படியே. ஹக்கரை மாட்டியபின் முதல் நாள் நீங்கள் ஏற வேண்டாம். மழை விட்ட மறுநாளாகப் பார்த்து, தம்பி தனியாக வயலுக்குப் போய் வரட்டும். வந்ததும் மூன்று விரலை விட்டுப் பார்த்து, மண் அடைத்திருக்கிறதா என்று அவனே உங்களிடம் சொல்லட்டும். உங்கள் பெயரைப் போடவில்லை. இந்தப் பக்கத்தை அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள்.