கதை யாருது மாப்ள?

போன மாசம் ஊருக்கு, அதாங்க பாளையம்பட்டிக்கு, போயிருந்தேன். வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே பஞ்சாயத்து. அக்கா மகன் படம் எடுக்கப் போறானாம். அதுக்காக திருச்சுழி ரோட்டுப் பக்கம் இருக்கிற ரெண்டு ஏக்கர் மானாவாரியை விக்கணுமாம். "மாமா, கதை கைவசம் இருக்கு, காசுதான் இல்ல"ன்னான்.

சரி, கதையக் காட்டுடான்னு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல: கதை, திரைக்கதை, வசனம், இயக்கம். நாலுக்கும் சேர்த்து ஐயா பேரு ஒண்ணுதான்!

படிச்சா, அது எங்கம்மா சொல்ற கதை. தாது வருஷப் பஞ்சத்துல வீடே பட்டினி கெடக்கையில, விதைச் சோளத்தை மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டு, யார் கேட்டும் அவுக்காத ஒரு கிழவியோட கதை. கடலை உடைக்கும்போது எங்களுக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொல்லியிருக்கு. அவன் செஞ்ச ஒரே மாத்தம், கிழவிக்கு அருவாத் தூக்குற பேரன் ஒருத்தனைச் சேர்த்தது. (கரிசக்காட்டுக் கதைன்னா அருவா இல்லாம எப்படி?)

எனக்குக் கோபம் அவன் மேல மட்டும் இல்லை. கதை சொல்ற ஆசை இருந்தா டைரக்டர் ஆகிடலாம், டைரக்டர்னா எல்லாத்துலயும் தன் பேரு இருக்கணும்னு ஒரு மூடநம்பிக்கையை நாம வளர்த்து வச்சிருக்கோம் பாருங்க, அது மேலதான்.

நம்ம பக்கத்துச் சீமை இளையான்குடிக்காரர் மகேந்திரனை எடுத்துக்கோங்க. காரைக்குடியில காலேஜ் படிக்கையில, எம்.ஜி.ஆரை மேடையில வச்சுக்கிட்டே தமிழ் சினிமாவை வாங்கு வாங்குன்னு வாங்கினவர். பிறகு சினிமாவுக்கு எழுதப் போய், 'தங்கப்பதக்கம்' (1974) எழுதி ஜெயிச்சவர். கதை பண்ணத் தெரியாத ஆளா அவர்? ஆனா இயக்குன முதல் படம் 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரன் நாவல். 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'. 'பூட்டாத பூட்டுக்கள்' (1980) பொன்னீலன். 'நண்டு' (1981) சிவசங்கரி. இத்தனைக்கும் 'சிற்றன்னை'க்கும் 'உதிரிப்பூக்க'ளுக்கும் நடுவுல ரொம்ப தூரம். பேர் போடாம விட்டிருந்தாக்கூட பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது. அவர் போட்டார். அதனால மகேந்திரன் குறைஞ்சா போயிட்டார்?

பாரதிராஜாவும் அப்படித்தான். 'கிழக்கே போகும் ரயில்' (1978) கதை ஆர்.செல்வராஜ், 'அலைகள் ஓய்வதில்லை' (1981) கதை மணிவண்ணன்.

உடனே "பாக்யராஜ் எல்லாத்தையும் அவரே பண்ணலையா?"ன்னு வருவீங்க. பண்ணினார், பிரமாதமாப் பண்ணினார். அது அவருக்குக் கைவந்துச்சு. ஊருக்கு ஒரு பாக்யராஜ் பொறக்கணும்னு சட்டமா இருக்கு?

"தமிழ்ல கதைப் பஞ்சம்"னு ஒரு புலம்பல் வேற. இடைசெவல்ல உக்காந்து கி.ரா. கதை கதையாச் சேர்த்தாரு. அவரோட 'கிடை'யை எடுத்து அம்ஷன் குமார் 'ஒருத்தி' (2003) எடுத்தாரு. உங்கள்ல எத்தனை பேர் பார்த்தீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. பஞ்சம் கதைக்கு இல்லீங்க, காதுக்கு.

கதை ஆசைங்கிறது முதல்ல கேக்குற ஆசை. அடுத்தவன் கதையைக் கேட்டு, அட, இது என்னோடத விட நல்லா இருக்கேன்னு ஒத்துக்கிட்டு, அவன் பேரைப் போட்டு எடுக்குறவன்தான் டைரக்டர். அந்த மனசு இல்லாதவனுக்கு ரெண்டு ஏக்கர் இல்ல, இருபது ஏக்கர் வித்தாலும் டைட்டில் கார்டுதான் மிஞ்சும்.

மருமகன்கிட்ட ரெண்டே விஷயம் சொன்னேன். ஒண்ணு, நிலத்தை விக்காத. உன் பாக்கெட்டுல இருக்கிற செல்போன்லயே முதல் படத்தை எடு. கேவலமா வரும், வரட்டும். ரெண்டு, 'கதை'ங்கிற இடத்துல அம்மாச்சி பேரை எழுது. அருவாவைத் தூக்கிக் கடாசு.

முதலாவதுக்குத் தலையாட்டிட்டான். ரெண்டாவதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். "அம்மாச்சி பேரைப் போட்டா யாரு மாமா மதிப்பா?"ங்கிறான்.

திண்ணையில இருந்த எங்கம்மா இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. "என் பேரெல்லாம் எதுக்குய்யா, அது எங்க ஆத்தா சொன்ன கதை"ன்னுச்சு.

பள்ளிக்கூடம் போகாத பொம்பளைக்குத் தெரியுது, கதை யாருதுன்னு.