முத்திரை மரக்காலும் முதலாளியின் நாணயமும்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. புழக்கத்தில் உள்ள காசும் நாணயம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் யோக்கியதையும் நாணயம். காசு யாரிடம் குவிந்திருக்கிறதோ, யோக்கியதையும் அவரிடமே குவிந்திருப்பதாக ஊர் பாவிக்கிறது. மளிகைக் கடையில் முந்நூறு ரூபாய் பாக்கி வைத்த நூற்பாலைத் தொழிலாளியை நாலு பேர் நடுவில் "நாணயம் கெட்டவன்" என்று ஏசுகிறார்கள். அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தை மாதக்கணக்கில் கட்டாமல் வைத்திருக்கும் முதலாளிக்கோ கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிறார்கள். கேட்டால், "பாவம், தொழிலில் கொஞ்சம் நெருக்கடி" என்கிறார்கள்.

வியாபாரத்தில் நேர்மை வேண்டும் என்று பேசாத பெரிய மனிதர் இன்று கிடையாது. நாமும் அதைப் பற்றிப் பேசுவோம். ஆனால் நமது சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

சீட்டில் ஒரு வரி

பிராவிடண்டு பண்டு சட்டம் 1952-ல் வந்தது. முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும் அமலாயிற்று. ஜவுளித் தொழில் அதில் ஒன்று. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காக 12 சதவிகிதம் போட வேண்டும். இரண்டையும் அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் அடிப்படையும் பஞ்சப்படியும் வாங்கும் தொழிலாளியிடம் 1,440 ரூபாய் பிடிக்கிறார்கள். அப்படி 300 பேர் வேலை செய்யும் மில்லில் தொழிலாளர் பங்கு மட்டும் மாதம் 4,32,000 ரூபாய். பத்து மாதம் கட்டாமல் விட்டால் 43,20,000 ரூபாய். முதலாளியின் பங்கையும் சேர்த்தால் இதைப்போல் இரட்டிப்பு! சம்பளச் சீட்டில் மாதாமாதம் "பி.எப். பிடித்தம்" என்று அச்சாகி வருகிறது. தொழிலாளியும் நம்பி வாங்கி மடித்து வைக்கிறான். மகள் கல்யாணத்திற்கோ, மனைவியின் வைத்தியத்திற்கோ பணம் கேட்டு மனுப் போடும் அன்றுதான், கணக்கில் பத்து மாதமாக ஒரு பைசா ஏறவில்லை என்ற சங்கதி அவனுக்குத் தெரிகிறது.

யார் வீட்டுப் பணம்?

"நூல் விலை விழுந்துவிட்டது, பஞ்சு விலை ஏறிவிட்டது, பாங்கு கைவிரித்துவிட்டது. எங்கிருந்து கட்டுவேன்?" என்று முதலாளி கேட்கிறார். தொழில் மந்தம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. மந்தத்தின் சூடு முதலில் நம்மைத்தான் சுடுகிறது. ஆனால் ஐயா, பிடித்த பணம் உங்கள் பணமா? அது நாங்கள் இராப்பகலாக ஷிப்டு பார்த்துச் சம்பாதித்த கூலி. எங்கள் கையிலிருந்து அதை வாங்கி எங்கள் கணக்கில் சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை. தபால்காரர் வீட்டில் கஷ்டம் இருக்கலாம். அதற்காக மணியார்டர் பணத்தை எடுத்து அவர் அரிசி வாங்கினால் நாடு பொறுக்குமா?

சட்டமும் இதையேதான் சொல்கிறது. சம்பளத்தில் பிடித்த பி.எப். பணத்தைக் கட்டாத முதலாளி, தன்னிடம் நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாடியவராகவே கருதப்படுவார் என்று 1973-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விளக்கம் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோதும் அந்த விளக்கம் அப்படியே இடம் பெற்றது. தொழிலாளியிடம் பிடித்த பங்கு வேறு, முதலாளி தன் பங்காகப் போடுவது வேறு; பிடித்த பங்கை முதலாளி நம்பிக்கையின் பேரில்தான் வைத்திருக்கிறார் என்று 2022 அக்டோபரில் வருமான வரி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

ஆகவே தோழர்களே, இதைப் "பாக்கி" என்று சொல்லாதீர்கள். பாக்கி என்பது கடன் வாங்கியவன் தர வேண்டியது. நாம் இவருக்குக் கடன் கொடுக்கவே இல்லை!

மோசடிக்குக் கிடைக்கும் லாபம்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் இது ஏன் நிற்கவில்லை? மோசம் செய்வது கட்டுபடியாகிறது, அதனால்தான் நிற்கவில்லை. பாங்கில் கடன் வாங்கப் போனால் ஈடு கேட்பார்கள், கணக்குக் கேட்பார்கள். தொழிலாளியின் பி.எப். பணத்தை எடுத்தாள எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. காலதாமதத்திற்கு ஏற்ப ஆண்டுக்கு 5 முதல் 25 சதவிகிதம் வரை இருந்த அபராதத்தை, 2024 ஜூனில் மத்திய சர்க்கார் ஒரே சீராக மாதம் 1 சதவிகிதமாக்கியது. வட்டி தனி. இதனால் இரண்டு மாதத்திற்குள் கட்டத் தவறியவருக்கு அபராதம் சற்றுக் கூடியது உண்மை. ஆறு மாதத்திற்கு மேல் விழுங்கியவருக்கோ 25 சதவிகிதம் 12 ஆக இறங்கியது! சிறு பிழைக்குக் கண்டிப்பு, பெரும் பிழைக்குச் சலுகை. இது எந்த ஊர் நியாயம்?

15-ந் தேதி தவறாமல் கட்டும் முதலாளிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நிலையை யோசியுங்கள். கட்டாதவர் அந்தப் பணத்தில் பஞ்சு வாங்கி, நூலை விலை குறைத்து விற்கிறார். கட்டியவர் அதே சந்தையில் அவரோடு போட்டி போட வேண்டும். லாபத்திற்காகவே நடக்கும் போட்டியில் யோக்கியதை சுமையாகிறது; மோசடி மூலதனமாகிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் "மனச்சாட்சிப்படி நடங்கள்" என்று உபதேசம் செய்து என்ன பயன்?

களத்துமேடு கற்றுத் தந்த பாடம்

பஞ்சாலைத் தோழர்கள் இதற்கு விடையைக் கீழத்தஞ்சைக் களத்துமேட்டில் பார்க்கலாம். மிராசுதார் வீட்டில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு வேறொரு மரக்கால். குத்தகை நெல்லைக் குவித்து அளந்து வாங்குவார்கள். பண்ணையாளுக்குக் கூலி அளக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். அந்த மிராசுதார்களும் தர்மம் பேசியவர்கள்தாம், அன்னதானமும் செய்தவர்கள்தாம். தர்மத்தால் மரக்காலின் அளவு ஒரு படி கூடியதா?

1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் சேரி சேரியாகச் சென்று செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். "நல்ல மனதோடு அளந்து போடுங்கள், எசமான்" என்று சங்கம் கெஞ்சவில்லை. "சர்க்கார் முத்திரையிட்ட மரக்காலில் அள!" என்று கேட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதோடு சேர்ந்து எழுந்த கோரிக்கை அது. பி.எப். சட்டம் வந்த அதே 1952-ல், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இரண்டும் எவர் போட்ட பிச்சையும் அல்ல. முத்திரை மரக்கால் வந்த பிறகு மிராசுதார் உள்ளத்தில் என்ன நினைத்தார் என்பது பண்ணையாளுக்கு அவசியமில்லாமல் போயிற்று. அளவு சரியாக இருந்தது, அது போதும்.

டில்லியிலும் இதே கதைதான். 1956-ல் ஆயுள் இன்சூரன்ஸ் தேசவுடைமையாக்கப்பட்டது. மறு வருஷமே ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் கொட்டப்பட்டது. அது பாலிசிதாரர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம். விஷயம் எப்படி வெளிவந்தது? பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கேள்விமேல் கேள்வி கேட்டார். நீதிபதி சாக்ளா ஜனங்கள் முன்னிலையில் பகிரங்கமாக விசாரித்தார். 1958-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். கணக்கு இருட்டில் கிடந்தவரை எல்லோரும் நாணயஸ்தர்களாகவே இருந்தார்கள். விளக்கு ஏற்றியவுடன் வேஷம் கலைந்தது!

நமது முத்திரை மரக்கால்

இன்று நம் கையில் உள்ள முத்திரை மரக்கால், பி.எப். பாஸ்புக். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கணக்கு எண் உண்டு. செல்போனிலேயே கணக்கைப் பார்க்கலாம். மாதம் 20-ந் தேதி வாக்கில் எல்லோரும் பாருங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்தவர் பார்த்துச் சொல்லட்டும். பணம் ஏறவில்லையென்றால் தனியாகப் போய் மானேஜர் முன் நிற்காதீர்கள். தனியாளை மிரட்டுவது சுலபம். எத்தனை பேருக்கு எத்தனை மாதம் ஏறவில்லை என்று சங்கம் பட்டியல் தயாரிக்கட்டும். பணம் கட்டிய சலானைக் காட்டச் சொல்லட்டும். காட்டாவிட்டால் சம்பளச் சீட்டுகளோடு பி.எப். ஆபீசுக்கு ஊர்வலமாகப் போகட்டும். போலீசிலும் புகார் கொடுக்கட்டும். காண்டிராக்டின் கீழ் வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காண்டிராக்டர் கட்டாவிட்டால் மில் முதலாளிதான் பொறுப்பு. "அவனைக் கேள்" என்று கைகழுவ அவருக்கு உரிமை கிடையாது.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இது மில்காரர் பிரச்னை என்று ஒதுங்கிவிடாதீர்கள். திண்டுக்கல்லிலும் கோவையிலும் நூற்பாலைக்கு வேலைக்குப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். அடுத்த முறை அவர்கள் ஊருக்கு வரும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு விடாமல், "பி.எப். ஏறியிருக்கிறதா, காட்டு" என்று கேளுங்கள். களத்துமேட்டில் மரக்காலைத் திருப்பிப் பார்த்து முத்திரை இருக்கிறதா என்று கேட்ட பரம்பரை உங்களுடையது. அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள்!